ஊர் ஆர்.சி. பள்ளிக்கூடத்தில் மகளைச் சேர்க்கலாமா?

கேள்வி கேட்டவர் சென்னையில் வளர்ந்து, திசையன்விளைப் பக்கத்து ஊர் ஒன்றுக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருக்கிற இளம் தாய். மகளை வருகிற ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். நடக்கிற தூரத்தில் இருப்பது வேதக்கோயிலை ஒட்டிய ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தொடக்கப் பள்ளி ஒன்றுதான். அது வேண்டாமென்றால் காலை ஏழரைக்கே வேன் ஏற்றி டவுனுக்கு அனுப்ப வேண்டும். "நாங்கள் இந்துக்கள். அங்கே சேர்த்தால் பிள்ளையை மதம் மாற்றிவிடுவார்களா? படிப்பு எப்படி இருக்கும்?" என்று கேட்டிருக்கிறார். மேலுக்கு இது மதத்தைப் பற்றிய கேள்வி. ஆனால் அவர் எழுதியிருப்பதை முழுக்கப் படித்தால், அந்த வளாகத்துக்குள் என் பிள்ளை வேற்றாள் போல ஒதுங்கி நிற்குமா, ஐந்து வருஷம் கழித்து எழுதப் படிக்கத் தெரிந்து வெளியே வருமா என்பதைத்தான் கேட்கிறார் என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் இப்படிப்பட்ட பள்ளிகளில் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். கத்தோலிக்கக் குடும்பம், கன்னியாஸ்திரீ அல்ல. மறைமாவட்ட நிர்வாகத்தில் மாறுதல் உண்டென்பதால் கடற்கரை ஊரிலும் இருந்திருக்கிறேன், செம்மணல் தேரிக்காட்டு ஊரிலும் இருந்திருக்கிறேன், வாழையும் நெல்லுமாக இருக்கிற ஆற்றங்கரை ஊரிலும் இருந்திருக்கிறேன். உங்கள் ஊர்ப் பள்ளியை நான் பார்த்ததில்லை. வேன் வைத்துப் பிள்ளை ஏற்றுகிற பள்ளிகளின் உள்விவகாரம் எனக்குக் கேள்வி ஞானம்தான். ஆகவே இரண்டையும் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், ஆர்.சி. தொடக்கப் பள்ளி என்றால் என்ன, அதில் எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒரு தெளிவு. நம் பக்கம் கிறிஸ்தவப் பள்ளி என்றால் பெரும்பாலும் இரண்டு வகை. டி.டி.டி.ஏ. என்று பலகை இருந்தால் அது சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டன்ட் சபையின் திருமண்டலப் பள்ளி. ஆர்.சி. என்றிருந்தால் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் பள்ளி. உங்கள் பகுதி அரசுக் கணக்கில் திருநெல்வேலி மாவட்டம் என்றாலும், கத்தோலிக்கக் கணக்கில் பாளையங்கோட்டை மறைமாவட்டத்தில் வராது. இராதாபுரம், வள்ளியூர், உவரிப் பக்கமெல்லாம் 1923-இல் உருவான தூத்துக்குடி மறைமாவட்டம். பாளையங்கோட்டை 1973-இல்தான் தனி மறைமாவட்டமானது, அதுவும் மதுரையிலிருந்து பிரிந்து. நாளைக்கு ஏதாவது புகார் என்றால் எந்த ஆயர் இல்லத்துக்கு எழுதுவது என்று தெரிய வேண்டுமல்லவா, அதற்காகச் சொன்னேன்.

இந்தப் பள்ளிகளில் பெரும்பாலானவை அரசு உதவி பெறுபவை. பங்குச் சாமியார்தான் வழக்கமாகத் தாளாளர். கட்டடம் கோயிலுடையது, ஆசிரியர் சம்பளம் அரசுடையது, பாடப்புத்தகம், பாடத்திட்டம், தேர்வு எல்லாம் அரசுடையது. வட்டாரக் கல்வி அலுவலர் வந்து பதிவேட்டைப் புரட்டுவார். கோயிலும் பள்ளியும் ஒரே சுவரைப் பகிர்வது இன்று நேற்று வந்த வழக்கமில்லை. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், தெருத்தெருவாக மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டி மந்திரம் சொல்லிக் கொடுத்ததைத் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் சாமியாருக்குப் பதிலாக மறை சொல்லிக் கொடுக்கிற உபதேசியார் ஊருக்கொருவர் இருந்து மந்திரத்தோடு எழுத்தும் சொல்லிக் கொடுத்தார். 1854-க்குப் பிறகு அரசு மானியம் என்ற ஏற்பாடு வந்ததும் அப்படிப்பட்ட பள்ளிகள் பல முறையான பள்ளிக்கூடங்களாக மாறின. உங்கள் மாமியாரும் அவருடைய அம்மாவும் அங்கேதான் அஞ்சாப்பு வரை படித்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். ஊரில் வேறு பள்ளிக்கூடமே இல்லாத காலம் வெகுநாள் இருந்தது.

இப்போது மத விஷயம். சட்டத்தில் உறுதியாக இருப்பதை முதலில் சொல்கிறேன். அரசியலமைப்பின் 28(3)-ஆம் பிரிவுப்படி, அரசு அங்கீகாரமோ உதவியோ பெறுகிற எந்தப் பள்ளியிலும், பெற்றோரின் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையை மதபோதனையிலோ வழிபாட்டிலோ பங்கெடுக்க வைக்கக் கூடாது. 29(2)-ஆம் பிரிவுப்படி, அரசு உதவி பெறுகிற பள்ளியில் மதத்தையோ சாதியையோ காட்டி ஒரு பிள்ளைக்கு இடம் மறுக்கக் கூடாது. சிறுபான்மையினர் பள்ளி நடத்துகிற உரிமையைத் தருகிற 30-ஆம் பிரிவு இந்த இரண்டையும் துடைத்துவிடாது. திருச்சபையின் சட்டத்திலும், சாகக் கிடக்கிற ஆபத்து நேரம் தவிர, தாய் தகப்பனில் ஒருவராவது சம்மதிக்காமல் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. புதுநன்மை (முதன்முதலாக நற்கருணை வாங்குவது) வகுப்பெல்லாம் ஏற்கெனவே ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளைகளுக்கு. ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தில் படித்ததாலேயே மதம் மாறியதை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. குடும்பத்தோடு மாறியவர்கள் உண்டு. அது வேறு கதை.

ஆனால் சட்டத்தைச் சொல்லிவிட்டு அன்றாடத்தை மறைத்தால் அது நேர்மையில்லை. அன்றாடம் இப்படித்தான் இருக்கும். காலையில் வழிபாட்டுக் கூட்டம்: தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, குறள், செய்தி. இவற்றோடு ஒரு செபமோ பாட்டோ சேர்ந்திருக்கும். முதல் பாடவேளையில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி. ஆசிரியர் போதுமான அளவு இருந்தால் தனித்தனி வகுப்பு. இல்லையென்றால் எல்லாரும் ஒரே அறையில்தான், நன்னெறிப் பிள்ளைகள் பின்வரிசையில் கதை வாசித்துக்கொண்டு. மாதத்தின் முதல் வெள்ளி பூசை இருந்தால் கத்தோலிக்கப் பிள்ளைகள் வரிசையாகக் கோயிலுக்குப் போவார்கள். மற்றவர்களை ஒரு டீச்சர் வேப்பமரத்தடியில் உட்கார வைத்துக் கதையோ விடுகதையோ சொல்லுவார். மத்தியானம் கோயில் மணி அடித்தால் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். சாப்பாட்டுக்கு முன் கைகூப்பிச் சின்ன செபம். உங்கள் மகள் ஒரு மாதத்துக்குள் வீட்டில் சாப்பிட உட்காரும்போது நெற்றியில் தொடங்கி சிலுவை போட்டுக் காட்டுவாள். அது நிச்சயம் நடக்கும். ஐந்து வயதில் பிள்ளை டீச்சரைப் போலவும் நடிக்கும், பஸ் கண்டக்டரைப் போலவும் நடிக்கும். அதைக் கண்டு கலங்குகிற மனசு உங்களுக்கு இருந்தால், சேர்க்கும்போதே தலைமையாசிரியையிடம் போய், "டீச்சர், பிள்ளை நன்னெறி வகுப்பிலேயே இருக்கட்டும், செப நேரம் சும்மா நிற்கட்டும்" என்று சொல்லிவிடுங்கள். சண்டைக்காரி என்று யாரும் நினைக்க மாட்டார்கள். நாங்கள் கேட்டுப் பழகியதுதான்.

பூ, பொட்டு, வளையல் விஷயத்தில் பள்ளிக்குப் பள்ளி வித்தியாசம். கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. கன்னியர் நடத்துகிற டவுன் பள்ளிகள் சிலவற்றில் "சீருடையோடு எதுவும் கூடாது" என்று கறாராக இருப்பார்கள். அது கத்தோலிக்கப் பெண்பிள்ளைகளின் கம்மலுக்கும் சேர்த்துத்தான். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு மாலை போட்ட பிள்ளைகள் எங்கள் வகுப்பில் வருஷா வருஷம் இருந்தார்கள். குரங்கு வேஷம், காளி வேஷம் கட்டுகிற வீட்டுப் பிள்ளைகள். செருப்பில்லாமல் வருவார்கள், மத்தியானம் முட்டை வேண்டாம் என்பார்கள். சத்துணவு அக்கா எடுத்து வைத்திருந்து வாழைப்பழம் கொடுப்பார். அம்மன் கோயில் கொடை வந்தால் ஊரில் பாதிப் பிள்ளை வராது. நாங்களும் அன்றைக்குப் புதுப் பாடம் நடத்த மாட்டோம். இதெல்லாம் எந்தச் சுற்றறிக்கையிலும் கிடையாது. கூட இருந்தே வாழ்கிறவர்கள் தானாகச் செய்துகொண்ட ஏற்பாடு.

மதம் பற்றி நீங்கள் உண்மையிலேயே கவனிக்க வேண்டிய இடம் வேறொன்று இருக்கிறது, அதை யாரும் சொல்ல மாட்டார்கள்: சேர்க்கைப் பதிவேடு. பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி, மதம், சாதி எல்லாம் அதில் ஏறும். அதிலிருந்துதான் எமிஸ் (அரசின் மாணவர் தகவல் பதிவு) எண்ணுக்கும் மாற்றுச் சான்றிதழுக்கும் விவரம் போகும். நம் ஊரில் உவரி அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டு இந்துக் குடும்பத்திலும் அந்தோணி என்றும் மரியம்மாள் என்றும் பெயர் வைப்பார்கள். அவசரத்தில் எழுதுகிறவர் பெயரைப் பார்த்து மதக் கட்டத்தில் கிறிஸ்தவர் என்று போட்டுவிட்டால் பின்னால் திருத்துவது பெரும்பாடு. பட்டியல் சாதிக் குடும்பம் என்றால் இது பெயரளவுப் பிழை அல்ல. 1950-ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பின்னால் வந்த திருத்தங்களையும் சேர்த்து, இந்து, சீக்கியர், பௌத்தர் ஆகியோருக்குத்தான் அந்தத் தகுதி உண்டு. கிறிஸ்தவர் என்று பதிவானால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடும். ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த வரியை விரல் வைத்து வாசியுங்கள். மதமாற்றத்தைப் பற்றிப் பயப்படுகிற பெற்றோரில் பத்தில் ஒன்பது பேர் இதைச் செய்வதில்லை.

இனி படிப்பு. ஒன்றாம் வகுப்பு நன்றாக நடக்கிறதா என்று தெரிய ஆங்கிலப் பாட்டைக் கேட்க வேண்டாம். எழுத்து எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். அந்தக் காலத்தில் அ, ஆ என்று வரிசையாகத் தொடங்குவோம். அ எழுதுவது ஐந்து வயது விரலுக்குக் கஷ்டம். பிறகு ட, ப, ம என்று நேர்கோட்டில் முடிகிற எழுத்தில் தொடங்கினோம். படம், பட்டம், மடம் என்று முதல் மாதமே பிள்ளை சொல் வாசித்துவிடும். தேரி மணலைச் சலித்துத் தாம்பாளத்தில் பரப்பி விரலால் எழுத வைப்போம். தரையில் சாக்பீஸால் பெரிதாக எழுதி, அதன்மேல் புளியமுத்து அடுக்கச் சொல்வோம். அடுக்குகிற பிள்ளைக்கு எந்த இடத்தில் வளைகிறது என்பது கைக்குத் தெரிந்துவிடும். கஷ்டம் எங்கே வருகிறதென்றால் கொம்பில். 'கெ' என்பதில் கொம்பு முன்னால் எழுதப்படுகிறது, ஆனால் வாயில் 'க்'தான் முன்னால் வருகிறது. ரெண்டாப்பு முடியும் வரை 'கொ' வையும் 'கெ' வையும் குழப்பிக்கொள்கிற பிள்ளைகள் உண்டு. அதற்கு ஒரே மருந்து, தினமும் ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்தி நாலு வரி வாசிக்க வைப்பது. குழுவாகக் கத்தி வாசிப்பதில் பின்வரிசைப் பிள்ளை வாயை மட்டும் அசைக்கும். இன்னொன்று, நம் பக்கத்துப் பேச்சில் ழகரம் கிடையாது. சொல்வதை எழுதச் சொன்னால் 'வாளைப்பளம்' என்றுதான் வரும். அது மக்குத்தனம் அல்ல. பிள்ளை காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறது. காதைத் திருத்தாமல் நோட்டைச் சிவப்பு மையால் அடிக்கிற டீச்சரைப் பார்த்தால் எனக்கு இப்போதும் கோபம் வரும்.

முறைகள் மாறிக்கொண்டே இருக்கும். 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் வந்தது: அட்டைகள், ஏணிப்படி, தரையில் வட்டமாக உட்காருவது. 2022 முதல் எண்ணும் எழுத்தும். ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிப்பது, அடுத்த வருஷம் நான்கு, ஐந்துக்கும் நீட்டினார்கள். முறை நல்லதுதான். ஆனால் அதற்கு உண்டான பதிவேட்டு வேலையும் செல்பேசியில் ஏற்றுகிற வேலையும் டீச்சரின் பாதி நேரத்தைத் தின்றுவிடும் என்பதும் உண்மை. நல்ல டீச்சர் எந்த முறையிலும் வாசிக்க வைத்துவிடுவார். அக்கறை இல்லாதவருக்கு அட்டை இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

கணக்கில் நம் பிள்ளைகள் சோடை போக மாட்டார்கள், வீட்டில் இருப்பதை வகுப்புக்குள் கொண்டுவரத் தெரிந்த டீச்சர் கிடைத்தால். ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டி இடமதிப்புச் சொல்லிக் கொடுப்பது எல்லாரும் செய்வது. பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளைக்கு அதற்கு மேலேயே தெரியும். எங்கள் பக்கம் 25 பீடி ஒரு கட்டு. நாலு கட்டு நூறு, நாற்பது கட்டு ஆயிரம். மூணாப்பில் ஒரு பெண்பிள்ளை, பலகையில் 25 பெருக்கல் 12 போட்டதும், சிலேட்டைத் தொடாமலே "முந்நூறு டீச்சர்" என்றாள். எப்படி என்று கேட்டால், "பன்னெண்டு கட்டுல்லா" என்கிறாள். அதே பிள்ளை 24 பெருக்கல் 12 போட்டபோது திணறிப்போனாள். அங்கே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டிலும் ஒரு பீடி குறைந்தால் மொத்தத்தில் எத்தனை குறையும் என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்கிற டீச்சர் உங்கள் பள்ளியில் இருக்கிறாரா என்பதுதான் விஷயம். கட்டடத்துக்கு டைல்ஸ் போட்டிருக்கிறதா என்பதல்ல.

இப்போது என் பதிலின் நடுத்துண்டுக்கு வருகிறேன். இந்தப் பள்ளிகளின் உண்மையான பலவீனம் செபமும் இல்லை, தமிழ்வழியும் இல்லை, ஆள் பற்றாக்குறை. 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர் பணியிடம் என்பது கணக்கு, அதில் தலைமையாசிரியரும் ஒருவர். ஐந்து வகுப்பு, இரண்டு பேர். அதில் ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போனால் ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆள். ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 1-ஆம் தேதி எண்ணிக்கையை வைத்துத்தான் பணியிடம் நிர்ணயம் ஆகும். மே, ஜூனில் எங்கள் டீச்சர்கள் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குவது அதற்காகத்தான். ஒரு பிள்ளை வேன் ஏறிப் போனால் ஒரு பணியிடம் ஆட்டம் காணும். பணியிடம் போனால் மிச்சப் பிள்ளைகளின் படிப்புக் கெடும். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் வேன் ஏறுவார்கள். ஓய்வு பெற்றவர் இடத்தில் நிர்வாகம் ஆளைப் போட்டாலும் அரசு ஒப்புதல் வருவதற்குள் பிள்ளை அஞ்சாப்பே முடித்துவிடுவதும் உண்டு. அதுவரை பங்கிலிருந்து சிறு தொகை கொடுத்து உள்ளூர்ப் பெண் ஒருவரை வைத்திருப்பார்கள். சில இடத்தில் அந்தப் பெண்தான் ஆகச் சிறந்த டீச்சராக இருப்பார். சில இடத்தில் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் உட்கார வைப்பதோடு சரி. ஆக, நீங்கள் பள்ளிக்குப் போனதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ஒண்ணாப்புக்கு யார் டீச்சர், அவர் எந்தெந்த வகுப்பைச் சேர்த்துப் பார்க்கிறார்?" என்பது. ஒன்றும் இரண்டும் சேர்ந்திருந்தால் பரவாயில்லை, சமாளிக்கலாம். ஒன்று முதல் ஐந்து வரை ஒரே அறையில் என்றால் யோசியுங்கள். அடுத்து, அனுமதி வாங்கிக்கொண்டு ரெண்டாப்புப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரிடம் அவர்கள் முன்பின் பார்த்திராத ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். பாடப்புத்தகம் வேண்டாம், அது மனப்பாடமாக வரும். அவர்கள் தட்டுத் தடுமாறியாவது வாசித்துவிட்டால் உங்கள் மகளும் வாசிப்பாள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், திருநெல்வேலிச் சீமையில் பிள்ளை வளர்க்கப் போகிறவருக்கு இது தெரிய வேண்டும். இங்கே ஒரு பிள்ளையை ஒதுக்குவது மதத்தைவிட அதிகமாகச் சாதிதான். கிறிஸ்தவத்துக்குள்ளும் அது உண்டு. வடக்கன்குளம் கோயிலில் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்து நடுவில் சுவர் இருந்து, 1910 வாக்கில் அது இடிக்கப்பட்டு வழக்கு வரை போனது ஊரறிந்த சரித்திரம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதும், அதற்குப் பிறகு ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்ததும் நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்பது அந்தக் குழு 2024-இல் கொடுத்த பரிந்துரைகளில் ஒன்று. தொடக்கப் பள்ளியில் கயிறு அவ்வளவாக இருக்காது. ஆனால் யார் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்பதில் தெரியும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். பிள்ளைகள் வந்த வரிசையில் கலந்து உட்காருகிறார்களா, தெரு தெருவாகப் பிரிந்து உட்காருகிறார்களா, தண்ணீர்க் குடத்தை எல்லாரும் தொடுகிறார்களா, தட்டு கழுவ எப்போதும் ஒரே நாலு பிள்ளைகளைத்தான் ஏவுகிறார்களா? நான் இருந்த ஒரு பள்ளியில் இது மோசமாக இருந்தது. வருகைப் பதிவேட்டில் உள்ள எண் வரிசைப்படிதான் உட்கார வேண்டும் என்று வைத்ததும், ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் தாளாளர்ச் சாமியாரிடம் போய் நின்றார்கள். சாமியார் வளைந்து கொடுக்கவில்லை. வேறு ஓர் ஊரில் வேறு ஒரு சாமியார் வளைந்திருப்பார். தாளாளர் யார் என்பது இந்த மாதிரி இடத்தில்தான் பள்ளியைத் தூக்கவோ கவிழ்க்கவோ செய்யும்.

சாப்பாடு என்றதால் ஒரு வார்த்தை. மத்தியான உணவு, வாரம் 5 நாளும் முட்டையோடு, உதவி பெறும் பள்ளிக்கும் உண்டு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022-இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கியது. கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15 முதல் வந்துவிட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று மாறி மாறி வரும். பிள்ளைகள் வீட்டில் சாப்பிட மறுக்கிற உப்புமாவை அங்கே கூட்டத்தோடு உட்கார்ந்து வழித்துச் சாப்பிடுவதை நீங்களே பார்ப்பீர்கள். வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைக்கு முதல் பாடவேளையில் எதுவும் ஏறாது என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரியும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கோயில் திருவிழாவின் பத்து நாளும், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரமும் படிப்புத் தளர்ந்துதான் போகும். பாட்டுப் பழகுவது, குடில் கட்ட வைக்கோல் கொண்டுவருவது, மேடை நாடகம், அசனத்துக்கு (கோயிலில் ஊருக்கே போடுகிற விருந்து) பள்ளிக்கூடத்து அறையில் அரிசி மூட்டை. உங்கள் மகள் துறுதுறுவென்று இருந்தால் வானதூதர் வேஷத்துக்குக் கேட்பார்கள். சரி என்பதும் வேண்டாம் என்பதும் உங்கள் விருப்பம். பிரம்பைப் பொறுத்தவரை, 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்திருக்கிறது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பிடித்துக்கொண்டு எவராவது வாதாடினால் ஏமாற வேண்டாம். பிள்ளையை அடிக்கலாம் என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. முதலில் தலைமையாசிரியை, பிறகு தாளாளர், பிறகு வட்டாரக் கல்வி அலுவலர். அவசரம் என்றால் 14417, அல்லது 1098. பழைய ஆட்களில் சிலர் இன்னும் "கண்டிப்பு இல்லாத பள்ளி ஆர்.சி. பள்ளியா" என்பார்கள். அந்தப் பெருமையில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆங்கிலம் பற்றி உங்களுக்கு இருக்கிற கவலை நியாயமானது. தமிழ்வழியில் ஆங்கிலம் ஒரு பாடமாக ஒன்றாம் வகுப்பிலிருந்தே உண்டு. ஆனால் அஞ்சாப்பு முடிக்கிற பிள்ளை சரளமாகப் பேசும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். தாய்மொழியில் வாசிப்பு நன்றாக வந்த பிள்ளை ஆறாம் வகுப்பில் ஆங்கிலத்தை வேகமாகப் பிடித்துக்கொள்கிறது என்பது என் அனுபவம். அது எல்லாப் பிள்ளைக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. வீட்டில் நீங்கள் தினம் கால் மணி நேரம் ஆங்கிலக் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டினால் பாதிக் கவலை தீரும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உள்ள 7.5 சதவீத ஒதுக்கீட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உதவி பெறும் பள்ளிக்கு அது கிடையாது. ஆனால் அந்தக் கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. அஞ்சு வரை ஆர்.சி. பள்ளியில் படித்துவிட்டு ஆறில் அரசுப் பள்ளிக்குப் போனால் எதுவும் இழப்பில்லை.

பள்ளியில் ஆள் இருக்கிறார்கள், ரெண்டாப்புப் பிள்ளை வாசிக்கிறது, சாப்பாட்டு வரிசை கலந்திருக்கிறது என்றால் நான் அங்கேயே சேர்ப்பேன். ஐந்து வயதுப் பிள்ளையை ஏழரைக்கு வேனில் ஏற்றி, மாலையில் தூங்கி வழிய இறக்குவதைவிட, ஒன்பது மணிக்கு நடந்து போய், சாயந்திரம் மண்ணில் விளையாட நேரம் கிடைக்கிற பிள்ளைக்கு உடம்பும் நன்றாக இருக்கும், படிப்பும் ஏறும். மூன்றில் ஒன்று இல்லையென்றால் பேசிப் பாருங்கள். இரண்டு இல்லையென்றால் வேனே மேல்.

போகும்போது பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்று, புகைப்படம் எல்லாவற்றின் நகலையும் எடுத்துப் போங்கள். ஒன்றாம் வகுப்புக்கு ஜூலை 31-க்குள் 5 வயது நிறைந்திருக்க வேண்டும். உதவி பெறும் தமிழ்வழிப் பிரிவில் கல்விக் கட்டணம் கிடையாது. அதே வளாகத்தில் சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவு இருந்தால் அதற்கு உண்டு. இரண்டில் எதில் பெயர் ஏறுகிறது என்பதைத் தெளிவாகக் கேட்டுக்கொண்டு, கொடுக்கிற எந்தத் தொகைக்கும் ரசீது வாங்குங்கள்.